மதிப்பெண் இடுவதற்கு முன் சொல்வதா, பின் சொல்வதா?
இத்தாலியப் பள்ளிகளில் ஆசிரியர்களின் முன்முடிவுகளை அவர்களுக்கே காட்டிய ஓர் ஆய்வு: நிகழ்வுப் பதிவு

நிகழ்வின் களம்

இத்தாலியில் ஒரு குழந்தை ஐந்தாண்டுத் தொடக்கக் கல்வியை முடித்துப் பதினொன்றாம் வயதில் நடுநிலைப் பள்ளிக்குள் நுழைகிறது. மூன்றாண்டுகள் கழிந்ததும், பதினான்கு வயது நிரம்பும் தறுவாயில், அடுத்து எந்த வகைப் பள்ளிக்குப் போவது என்பதை அந்தக் குடும்பம் முடிவு செய்தாக வேண்டும். பல்கலைக்கழகத்தை மனத்தில் கொண்டு நடத்தப்படும் லிச்செயோ, நுட்பக் கல்வி தரும் தெக்னிகோ, வேலைக்குப் போவதையே முதன்மையாகக் கருதும் தொழிற்பள்ளி என்று மூன்று பாதைகள் உள்ளன. ஐந்தாண்டுப் படிப்பை முடித்துப் பட்டயம் பெற்றவர் எந்தப் பாதையிலிருந்து வந்தாலும் பல்கலைக்கழகத்தில் சேரச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் நடைமுறையில், பதினான்கு வயதில் எடுக்கப்படும் இந்த முடிவே பெரும்பாலோருக்கு அடுத்த நாற்பது ஆண்டுகளின் திசையைத் தீர்மானித்துவிடுகிறது.

இந்த முடிவை எடுப்பதற்கு முன் பள்ளி ஒரு பரிந்துரைக் கடிதம் தருகிறது. வகுப்பின் ஆசிரியர்கள் எல்லோரும் கூடி, இந்த மாணவருக்கு இன்ன பாதை பொருந்தும் என்று எழுதித் தருவது அது. கட்டுப்படுத்தும் வலிமை அதற்கு இல்லை. விரும்பாத பெற்றோர் அதைப் புறக்கணிக்கலாம். ஆனால் புறக்கணிப்பதற்கு நாட்டின் பள்ளி முறையைப் பற்றிய பழக்கம் வேண்டும், மொழி வேண்டும், ஆசிரியரோடு மாறுபடும் துணிவு வேண்டும். தாமே லிச்செயோவில் படித்த தாய்தந்தையருக்கு இவை இயல்பாக வாய்த்திருக்கும். பத்தாண்டுகளுக்கு முன் மொராக்கோவிலிருந்தோ அல்பேனியாவிலிருந்தோ வந்து, இரண்டு வேலை பார்த்துக் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு ஆசிரியரின் பரிந்துரைதான் பெரும்பாலும் கடைசிச் சொல்லாக இருக்கும்.

மதிப்பெண் பத்துக்கு இடப்படுகிறது. ஆறு வாங்கினால் தேர்ச்சி. முதல் பருவ மதிப்பெண்கள் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் முடிவாகின்றன. பாட ஆசிரியர் தமது மதிப்பெண்ணை முன்மொழிய, வகுப்பு ஆசிரியர்கள் அனைவரும் கூடும் ஸ்க்ருத்தீனியோ எனப்படும் அமர்வில் அது உறுதியாகிறது. இத்தாலிய நடுநிலைப் பள்ளியில் தேறாத மாணவர் அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்கார நேரிடும் என்பதால், ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலான ஒரே ஒரு எண் சில பிள்ளைகளுக்கு ஓராண்டாகவே மாறிவிடுகிறது.

இதற்கு வெளியே இன்னோர் அளவீடும் உண்டு. நாடு முழுவதற்கும் பொதுவாக நடக்கும் இன்வால்சி தேர்வு, மாணவர் யார், எந்த ஊரார், வகுப்பில் எப்படி நடந்துகொள்பவர் என்று பார்க்காமல் விடைகளை மட்டும் எண்ணுகிறது. ஒரே மாணவருக்கு ஆசிரியர் இட்ட மதிப்பெண்ணும் இந்தத் தேர்வில் கிடைத்த மதிப்பெண்ணும் அருகருகே கிடைக்கும் நாடு என்பதால்தான் இந்த நிகழ்வை ஆராய முடிந்தது.

2016–17 கல்வியாண்டில் இத்தாலியப் பள்ளிகளில் அந்நாட்டுக் குடியுரிமை இல்லாத மாணவர்கள் ஏறத்தாழ 8,26,000 பேர் இருந்தார்கள். மொத்த மாணவர்களில் இது 9.4 விழுக்காடு. இவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இத்தாலியிலேயே பிறந்தவர்கள். 1992ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இரத்த உறவை அடிப்படையாகக் கொண்டது. அயல்நாட்டுப் பெற்றோருக்கு அங்கே பிறந்த குழந்தை பதினெட்டு வயது நிரம்பிய பிறகே தன் பிறப்பைக் காட்டிக் குடியுரிமை கோர முடியும். ஆகவே, வேறு எந்த நாட்டையும் கண்டறியாத பிள்ளையும் பள்ளிப் பதிவேட்டில் அயலாராகவே இருக்கிறது. ஆய்வு நடந்தது வட இத்தாலியில் என்றாலும், சிசிலியின் பலெர்மோ நகரில் ஈழத்தமிழர் குடும்பங்கள் ஒரு தலைமுறைக்கும் மேலாக வாழ்ந்து பிள்ளைகளை இதே பள்ளி முறைக்குள்தான் அனுப்பிவருகின்றன என்பதை நம் வாசகர்கள் நினைவில் கொள்வது நல்லது.

ஆய்வாளர் இந்தக் கேள்விக்கு வந்த வழி

இங்கே பதிவாகும் ஆய்வு, மிலானின் பொக்கோனி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் ஹார்வர்டின் கென்னடி பள்ளியில் பேராசிரியப் பணியில் சேர்ந்த மிக்கேலா கார்லானா என்ற பொருளியலாளரின் பணிவாழ்வில் நடுநாயகமாக அமைந்த ஒன்று. ஆல்பெர்த்தோ அலெசினா, எலியானா லா ஃபெர்ராரா, பாவ்லோ பினோத்தி ஆகிய மூவர் அவருடன் சேர்ந்து இதைச் செய்தார்கள். ஆய்வுக்கு உட்பட்ட ஆசிரியர்களும் மாணவர்களும் எந்த வெளியீட்டிலும் பெயர் சுட்டப்படாதவர்கள், இங்கும் அப்படியே.

பாரபட்சத்தைப் பற்றிப் பொருளியல் நெடுங்காலம் இரண்டு விளக்கங்களோடு நின்றிருந்தது. 1957இல் கேரி பெக்கர், சிலரோடு பழகவோ அவர்களை வேலைக்கு வைக்கவோ மனம் ஒப்பாத வெறுப்பே பாரபட்சத்தின் வேர் என்று கொண்டார். 1970களின் தொடக்கத்தில் எட்மண்ட் ஃபெல்ப்சும் கென்னத் ஆரோவும், வெறுப்பே இல்லாத ஒருவர்கூடத் தம்மிடம் போதிய தகவல் இல்லாதபோது எதிரில் இருப்பவரை அவர் சார்ந்த குழுவின் சராசரியைக் கொண்டு எடைபோடுவார் என்று காட்டினார்கள். இரண்டு விளக்கங்களிலும் பாரபட்சம் காட்டுபவருக்குத் தாம் செய்வது இன்னதென்று தெரியும். தெரியாமலே செய்பவரைப் பற்றிப் பேசுவதற்கு அவற்றில் இடமில்லை. 2005இல்தான் மரியான் பெர்ட்ராண்டும் அவருடன் சேர்ந்த இருவரும், கவனத்துக்கு எட்டாத மனத் தொடர்புகளால் விளையும் பாரபட்சம் என்ற மூன்றாவது வகையைப் பொருளியலுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள்.

வகுப்பறைக்கு இந்த மூன்றாவது வகை மிகவும் பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். குடியேறிய குடும்பத்துப் பிள்ளையை வெறுத்துக் கொண்டே இருபது ஆண்டுகள் பாடம் நடத்துகிறவர்கள் மிகச் சிலராகத்தான் இருக்க முடியும். மூன்றாண்டுகளாகத் தினமும் பார்க்கும் பிள்ளையைப் பற்றித் தகவல் போதவில்லை என்றும் ஓர் ஆசிரியர் சொல்லிவிட முடியாது. அப்படியிருந்தும் மதிப்பெண்ணில் இடைவெளி இருந்தால், காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும்.

முதலில் கண்டவை

இந்தக் கேள்விக்கு முன்னோடியாக ஒரு கள முயற்சி நடந்திருந்தது. ஒரே அளவு திறமை உள்ள மாணவர்களை ஒப்பிட்டால், குடியேறியோரின் பிள்ளைகள், அதிலும் ஆண்பிள்ளைகள், தொழிற்பள்ளிகளிலேயே மிகுதியாகப் போய்ச் சேருகிறார்கள் என்பதும், அதே வகுப்பில் மீண்டும் உட்கார வைக்கப்படுவதிலும் அவர்களே கூடுதல் என்பதும் தெரியவந்தன. நன்றாகப் படிக்கும் குடியேறிய குடும்பத்து மாணவர்களைச் சமவாய்ப்பு முறையில், அதாவது சீட்டுக் குலுக்கலைப் போல, தேர்ந்தெடுத்து, அவர்களுக்குப் பாடத்தில் தனி உதவியும் எதிர்காலப் படிப்பு குறித்த வழிகாட்டுதலும் பெரிய அளவில் தரப்பட்டன.

2022இல் வெளியான முடிவுகள் இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கவை. உதவி பெற்ற ஆண்பிள்ளைகள், இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இணையான விகிதத்தில் உயர்பாதைப் பள்ளிகளில், அதாவது லிச்செயோவிலோ தெக்னிகோவிலோ, சேர்ந்தார்கள். உதவியின்றியே இத்தாலியப் பெண்பிள்ளைகளைப் போலத் தேர்வு செய்துவந்த குடியேறிய பெண்பிள்ளைகளிடம் மாற்றம் எதுவும் காணப்படவில்லை. ஆண்பிள்ளைகளின் மாற்றத்துக்கு அறிவுத்திறன் கூடியது காரணமாகவில்லை. அதன் பங்கு மிகச் சொற்பம். படிக்க வேண்டும் என்ற உந்துதல் கூடியதும், ஆசிரியர்கள் தரும் பரிந்துரை மாறியதுமே கணிசமான பகுதியை விளக்கின. திறமை முன்பே இருந்திருக்கிறது. மாணவன் தன்னைப் பற்றி நம்பியதும் ஆசிரியர் அவனைப் பற்றி நம்பியதும்தான் மாறின.

ஆசிரியரின் நம்பிக்கையை நேரடியாக அளக்க வேண்டும் என்ற நிலை இங்கிருந்து எழுகிறது. கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். பலருக்குச் சொல்லவும் தெரியாது. 1998இல் அந்தனி கிரீன்வால்டும் அவருடைய இரண்டு சகாக்களும் உளவியலில் அறிமுகம் செய்த உள்மனத் தொடர்புச் சோதனையை ஆய்வாளர் எடுத்துக்கொண்டார். திரையில் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்த நிகழ்வில் அவை இத்தாலியருக்கு வழக்கமான பெயர்கள், குடியேறியோருக்கு வழக்கமான பெயர்கள், நல்ல பண்புச்சொற்கள், தீய பண்புச்சொற்கள். ஒரு சுற்றில் இத்தாலியப் பெயரும் நல்ல சொல்லும் ஒரே விசைக்கு உரியவை. இன்னொரு சுற்றில் குடியேறியோர் பெயரும் நல்ல சொல்லும் ஒரே விசைக்கு உரியவை. எந்தச் சேர்க்கையில் விரல் எத்தனை மில்லிவினாடி தயங்குகிறது என்பதைக் கணினி குறித்துக்கொள்கிறது. அந்தத் தயக்கத்தின் வேறுபாடே சோதனையின் மதிப்பு.

வட இத்தாலியில் சுமார் நூறு நடுநிலைப் பள்ளிகளில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணித, இத்தாலிய மொழி ஆசிரியர்கள் இத்தகைய சோதனைகளை எழுதினார்கள். ஆண்–பெண் தொடர்பான சோதனையிலிருந்து கிடைத்ததைக் கார்லானா தனியாக 2019இல் வெளியிட்டார்: அறிவியல் ஆண்களுக்கு உரியது என்ற உள்மனத் தொடர்பு வலுவாக உள்ள கணித ஆசிரியரிடம் படிக்க நேர்ந்த வகுப்புகளில், இன்வால்சி பொதுத் தேர்வுக் கணிதத்தில் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இடையிலான இடைவெளி கணிசமாக விரிந்தது. அந்தப் பெண்பிள்ளைகள் தம் கணிதத் திறன்மீது நம்பிக்கை குன்றி, ஆசிரியரின் பரிந்துரையை ஏற்று, கடினம் குறைந்த பள்ளிகளுக்குப் போனார்கள். இத்தாலிய நடுநிலைப் பள்ளிகளில் கணிதம் கற்பிப்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். முன்முடிவு எப்போதும் எதிர்த்தரப்பிலிருந்தே வரும் என்ற எளிய எண்ணம் இங்கே நிற்காது.

குடியேறியோர் தொடர்பான சோதனையில் கண்டது சற்றுச் சிக்கலானது. பொதுத் தேர்வில் சமமாகச் செய்த இரு மாணவர்களில் குடியேறிய குடும்பத்தவருக்கு ஆசிரியர்கள் குறைந்த மதிப்பெண் இட்டார்கள். கணித ஆசிரியர்களிடையே, முன்முடிவு வலுவாக இருந்தவர்களே கூடுதலாகக் குறைத்தார்கள். இத்தாலிய மொழி ஆசிரியர்கள் இடும் மதிப்பெண்ணில் அவரவர் சோதனை மதிப்புக்கேற்ற வேறுபாடு தெரியவில்லை. கட்டுரையைவிடக் கணக்கில்தான் நடுநிலை எளிது என்று நாம் பொதுவாக எண்ணுவோம். கிடைத்த முடிவு அந்த எண்ணத்துக்கு மாறாக இருந்தது.

எடுக்கப்பட்ட முடிவும் அதன் காரணங்களும்

இந்தக் கட்டத்தில் ஆய்வாளர்களின் கையில் ஒரு சங்கடமான பொருள் இருந்தது. ஒவ்வோர் ஆசிரியரைப் பற்றியும் அவருக்கே தெரியாத ஒரு தகவல் அவர்களிடம் இருந்தது. அதை வெளியிடாமல் கோப்பில் வைத்து, கட்டுரை எழுதி முடித்து, அடுத்த வேலைக்குப் போவதே கல்வித்துறையில் வழக்கம். தலைமை ஆசிரியரிடம் ஒப்படைப்பது இன்னொரு வழி. ஆனால் அப்படிச் செய்தால் சோதனை தண்டனைக் கருவியாகிவிடும், அடுத்த பள்ளியில் யாரும் அதை எழுத முன்வர மாட்டார்கள். ஆசிரியரிடமே, அவருடைய சோதனை மதிப்பை மட்டும், சொல்லிவிடுவது என்ற மூன்றாவது வழியை அவர்கள் தேர்ந்தார்கள்.

சொல்வது என்று முடிவானதும் எப்போது சொல்வது என்ற கேள்வி எழுந்தது. இந்த நிகழ்வின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். எல்லா ஆசிரியர்களுக்கும் தம் மதிப்பு தெரியவரும். ஆனால் ஒரு பகுதியினருக்குப் பருவ மதிப்பெண் இடுவதற்கு முன்பும், மற்றவர்களுக்கு மதிப்பெண் இட்டு முடித்த பின்பும் அது தெரியவரும். யார் எந்தப் பிரிவில் விழுவது என்பதைச் சமவாய்ப்பு முறை தீர்மானித்தது. இதனால் எவருக்கும் எதுவும் மறுக்கப்படவில்லை. காலம் மட்டுமே முன்பின்னாக ஆனது. இரு பிரிவினரும் அதே சோதனையை எழுதியவர்கள் என்பதால், சோதனை எழுதியதே மனத்தை உறுத்தி மதிப்பெண்ணை மாற்றியிருக்கும் என்ற ஐயத்துக்கும் இடமில்லாமல் போனது. முன்னரே அறிந்தவர்களுக்கும் பின்னர் அறிந்தவர்களுக்கும் இடையில் வேறுபாடு தோன்றினால், அறிந்துகொண்டதே அதற்குக் காரணம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் கோட்பாட்டு நோக்கிலான காரணமும் இருந்திருக்க வேண்டும் என்பது என் வாசிப்பு. பெக்கர் சொன்ன வெறுப்பு ஓர் ஆசிரியரிடம் இருந்தால், தம் மதிப்பைத் தெரிந்துகொள்வதால் அவர் மாற வேண்டிய அவசியமில்லை. அவருக்கு அது முன்பே தெரியும். குழுவின் சராசரியைக் கொண்டு எடைபோடுகிறவருக்கும் இந்தத் தகவலால் மாணவர்களைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவரவில்லை. ஆகவே அவரும் மாற வேண்டியதில்லை. தாம் அறியாமலே செய்பவர்தான் அறிந்தவுடன் மாறுவார். சொல்வதன் விளைவை அளப்பது, மூன்று விளக்கங்களில் எது களத்தில் உண்மை என்று பார்ப்பதுமாகும். நல்ல கள ஆய்வு ஒரே செயலால் மாணவருக்கும் கோட்பாட்டுக்கும் பணி செய்யும். இது அப்படி அமைந்தது.

நடந்தது

மதிப்பெண் இடுவதற்கு முன்பே தம் மதிப்பை அறிந்த ஆசிரியர்கள், குடியேறிய குடும்பத்து மாணவர்களுக்கு இட்ட மதிப்பெண்ணை உயர்த்தினார்கள். இத்தாலிய மாணவர்களுக்கும் இவர்களுக்கும் இடையிலிருந்த இடைவெளி குறைந்தது. கடிதமோ கட்டளையோ பயிற்சி முகாமோ இல்லாமல், தன்னைப் பற்றிய ஒரே ஒரு தகவல் இதைச் செய்தது.

ஆனால் 2018 டிசம்பரில் ஆய்வாளர்கள் வெளியிட்ட முதல் அறிக்கையில் இதோடு இன்னொன்றையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். மதிப்பெண்ணை உயர்த்தியவர்கள் முன்முடிவு வலுவாக இருந்தவர்கள் மட்டும் இல்லை. முன்னரே அறிந்தவர்கள் எல்லோருமே உயர்த்தினார்கள். மதிப்பெண் இடுவதில் பாரபட்சம் காட்டாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். தன் முன்முடிவைக் காட்டுவது பாரபட்சத்தைக் குறைக்கும் வலுவான வழியாக இருக்கலாம். அதே சமயம், பாரபட்சமின்றி நடந்துகொண்டிருந்தவர்களையும் அது அசைத்துவிடலாம் என்று அவர்களே எச்சரித்தார்கள்.

இந்த எச்சரிக்கையை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடாமல் ஆய்வின் சுருக்கத்திலேயே வைத்தது, இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிக்கும் முடிவு. நல்ல செய்தியை மட்டும் சொல்லியிருந்தால் ஆய்வுக்கு ஆதரவு இன்னும் எளிதில் கிடைத்திருக்கும்.

விளக்கத்தில் எழுந்த சிக்கல்கள்

ஓர் ஆசிரியர் ஏழு என்று மதிப்பிட்டிருந்த மாணவிக்கு, தம் சோதனை மதிப்பைப் பார்த்த பிறகு எட்டு இடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் இட்ட ஏழு நியாயமாக இல்லாதிருந்தால், எட்டு ஒரு திருத்தம். ஏழே நியாயமாக இருந்திருந்தால், எட்டு ஆசிரியரின் மனச்சுமையை இறக்குவதற்கான எண். மாணவிக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மதிப்பெண் என்பது மாணவி தன்னைப் பற்றி அறிந்துகொள்ளும் செய்தியும் ஆகும் என்பதால் இந்த வேறுபாடு சிறியதாகிவிடாது. ஆயினும் ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், ஆய்வுக்கு முன் எண்கள் ஒரே திசையில்தான் தவறிக்கொண்டிருந்தன. சமமான திறமைக்கு ஒரு சாராருக்குக் குறைவாகவே இடப்பட்டது. தவறு அந்தப் பக்கத்தில் தேங்கிக் கிடந்தபோது பேசாதவர்கள், எதிர்ப்பக்கத்தில் சிறிது சாய்ந்தவுடன் தரம் பற்றிக் கவலைப்படுவதை நான் ஏற்கவில்லை. கவலை உண்மையானது, ஆனால் அது தொடக்கத்திலேயே எழுந்திருக்க வேண்டியது.

அடுத்த சிக்கல் சோதனையைப் பற்றியது. உள்மனத் தொடர்புச் சோதனை, பெருங்கூட்டத்தின் சராசரிப் போக்கைக் காட்டுவதற்குப் பயன்படுமளவு ஒரு தனி மனிதரை எடைபோடப் பயன்படாது. ஒருவரே இரண்டு நாள் எழுதினால் இரண்டு விதமாக வரக்கூடும். களைப்பும் கணினிப் பழக்கமும் விரலின் வேகமும் அதில் கலந்திருக்கும். இப்படிப்பட்ட எண்ணை ஒருவரிடம் கொடுத்து ‘இது நீங்கள்’ என்று சொல்வது மருத்துவ அறிக்கை தருவது போலாகாது. முன்முடிவு இல்லாதவருக்கு இருப்பதாகவும், இருப்பவருக்கு இல்லையென்றும் காட்டிவிடக்கூடும். பின்னது கூடுதல் ஆபத்து, ஏனெனில் அது ஒருவருக்குத் தேவையற்ற நிம்மதியைத் தந்துவிடும்.

மூன்றாவது, பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வு. ஆய்வாளர்களுக்குத் தம் மதிப்பு தெரியும் என்பது ஆசிரியருக்குத் தெரியும். மனம் மாறியதால் மதிப்பெண் மாறியதா, யாரோ கவனிக்கிறார்கள் என்பதால் மாறியதா என்ற கேள்வி நியாயமானது. தம் மதிப்பு இதுதான் என்று அறிந்தவர் கவனமாக இருக்க முயல்வதும், அடுத்தவர் பார்க்கிறார் என்பதால் கவனமாக இருப்பதும் ஒரே பருவத்து மதிப்பெண்ணில் ஒன்றுபோலவே பதிவாகும்.

இந்தியாவில் நடந்த வேறோர் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. ரேமா ஹன்னாவும் லீ லிண்டனும் 2012இல் வெளியிட்ட அந்த ஆய்வில், குழந்தைகள் எழுதிய விடைத்தாள்களின் முகப்பில் வயது, பால், சாதி ஆகியவற்றைச் சமவாய்ப்பு முறையில் எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் சிறிதளவு, ஆனால் திட்டமாகக் குறைந்தது. திருத்தும் பணியின் தொடக்கத்தில் கையில் வந்த தாள்களில்தான் அது மிகுதியாக இருந்தது. எந்த விடைக்கு எவ்வளவு என்ற பிடிமானம் ஏற்படும் முன் மனம் முகப்பைப் பிடித்துக்கொள்கிறது. இத்தாலிய ஆசிரியர் விடைத்தாளைத் திருத்துவதோடு நிற்பதில்லை. வகுப்பில் எழுந்து பேசுவது, வீட்டுப்பாடம், ஒழுங்கு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்குகிறார். பிடிமானம் குறைந்த இடம் அங்கே இன்னும் அகலமானது.

இரண்டாவது களச் சோதனை

முதல் முடிவோடு நின்றுவிடாமல், ஆய்வாளர்கள் இன்னொரு களச் சோதனையை நடத்தினார்கள். கல்வித்துறை நிர்வாகங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி அதில் இருந்தது: ஒவ்வொருவருக்கும் அவரவர் மதிப்பைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? ஆசிரியர்களிடையே முன்முடிவுகள் நிலவுகின்றன, கவனமாக இருங்கள் என்று பொதுவாகச் சொன்னால் போதாதா? பொதுவாகச் சொல்வது செலவு குறைந்தது, யாரையும் புண்படுத்தாதது, சோதனையின் பிழைகளையும் தாங்க வேண்டியதில்லை.

சராசரியைப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே விளைவையே தந்தன. இதோடு நிறுத்தியிருந்தால் பொது அறிவுரையே போதும் என்று முடிவாகியிருக்கும். ஆசிரியர்களைப் பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. எதிர்மறை முன்முடிவு வலுவாக இருந்தவர்கள் பொது அறிவுரையைக் கேட்டு அசையவில்லை. தம் சொந்த மதிப்பைப் பார்த்தபோது மட்டுமே அவர்களுடைய நடத்தை மாறியது. பொது அறிவுரை, முன்முடிவு வலுவாக இல்லாதவர்களைப் போய்ச் சேர்ந்தது. யாருக்குச் சொல்ல வேண்டியிருந்ததோ அவர்களைச் சேரவில்லை. பாரபட்சம் பற்றிய கூட்டங்களில் அமர்ந்திருக்கும் பலர், இது பக்கத்து இருக்கைக்காரருக்குச் சொல்லப்படுகிறது என்று நினைப்பதை நாம் அறிவோம். அந்த அனுபவத்துக்கு இங்கே அளவீடு கிடைத்தது.

இந்த இரண்டு களச் சோதனைகளையும் சேர்த்த இறுதி வடிவம் 2024 ஜூலையில் அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ இதழில் வெளியானது. நால்வரில் மூத்தவரான அலெசினா அதைப் பார்க்க இல்லை. 2020 மே மாதம் காலமானார்.

மீண்டும் செய்வதாக இருந்தால்

இதே போன்ற ஒன்றை வேறிடத்தில் செய்ய எண்ணுகிறவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. முதலாவது காலம். இந்த ஏற்பாட்டில் பருவ மதிப்பெண் இலக்காக இருந்தது. ஆனால் ஒரு மாணவரின் வாழ்வைத் திருப்பும் ஏடு மேல்நிலைப் பள்ளிக்கான பரிந்துரைக் கடிதம். கடைசி ஆண்டு மாணவர்கள் பள்ளிகளில் பெயர் பதியும் காலமும் ஏறத்தாழ ஜனவரியிலேயே வந்துவிடுகிறது. தனி உதவித் திட்டத்தில் ஆண்பிள்ளைகளின் போக்கு மாறியதற்குப் பரிந்துரை மாறியதும் ஒரு காரணம் என்பது முன்பே தெரிந்த பிறகு, ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டிய நேரம் அந்தக் கடிதம் எழுதப்படுவதற்கு முன்னுள்ள இலையுதிர் காலம்தான்.

இரண்டாவது, எண்ணைக் கொடுக்கும் முறை. தம் சோதனை மதிப்போடு சேர்த்து, அந்த ஆசிரியர் முந்தைய ஆண்டுகளில் இட்ட மதிப்பெண்களுக்கும் அதே மாணவர்களின் பொதுத் தேர்வு மதிப்பெண்களுக்கும் இடையே என்ன வேறுபாடு இருந்தது என்பதையும் அவருக்குக் காட்ட வேண்டும். அப்போது, உள்மனத் தொடர்பு இருந்தும் நியாயமாக மதிப்பெண் இட்டவர் தம்மைத் திருத்திக்கொள்ளத் தேவையில்லை என்பதை அறிவார். தொடர்பு இல்லை என்று சோதனையில் காட்டப்பட்டும் குறைத்து இட்டவர் அந்த நிம்மதிக்குள் ஒளிய முடியாது. இத்தாலியில் இதற்கான இரண்டு எண்களும் பள்ளியிலேயே இருக்கின்றன. சேர்த்துப் பார்ப்பதுதான் நடக்கவில்லை. முதல் களச் சோதனையில் எல்லோரும் ஒரே திசையில் நகர்ந்ததற்கு, தம் செயலைப் பற்றிய தகவல் இல்லாமல் தம் மனத்தைப் பற்றிய தகவல் மட்டும் கையில் கிடைத்ததே காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறேன்.

மூன்றாவது, மாணவர் பக்கம். ஆசிரியருக்குச் சொல்லும் திட்டத்தையும் மாணவருக்கு உதவும் திட்டத்தையும் தனித்தனி ஆய்வுகளாக வைத்திருப்பது அளப்பதற்கு வசதி. பள்ளியில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. 2020 வசந்தத்தில் பெருந்தொற்றால் இத்தாலியப் பள்ளிகள் மூடப்பட்டபோது, கார்லானாவும் லா ஃபெர்ராராவும் பல்கலைக்கழக மாணவர்களைத் தன்னார்வலர்களாகத் திரட்டி, வசதி குறைந்த நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு இணையம் வழியே ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் பாடம் சொல்லித்தர ஏற்பாடு செய்தார்கள். வாரத்துக்கு மூன்று முதல் ஆறு மணி நேரம் நடந்த அந்த உதவியால் மாணவர்களின் கற்றல் சராசரியாக 0.26 திட்ட விலக்க அளவு (மாணவர்களிடையே மதிப்பெண் பரவியிருக்கும் அளவில் கால்பங்குக்குச் சற்று மேல்) உயர்ந்தது. மன நலமும் மேம்பட்டது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், மன நலத்தைப் பொறுத்தவரை குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பலன் இன்னும் கூடுதலாக இருந்தது. தன்னை ஒருவர் வாரந்தோறும் கேட்டு விசாரிக்கிறார் என்பதே ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரியது என்பதற்கு இது சான்று. இப்படிப்பட்ட உதவியால் உயர்ந்த மாணவர், பழைய கண்ணோடு பார்க்கும் ஆசிரியரிடமே திரும்பிச் செல்வதாக இருந்தால், பாதி உழைப்பு வீணாகும்.

நான்காவதாக, வேகம். 2016–17 கல்வியாண்டில் நடுநிலைப் பள்ளி வகுப்புகளில் அமர்ந்திருந்த பிள்ளைகளுக்கு அப்போது வயது பதினொன்று முதல் பதினான்கு வரை. அவர்களைக் கொண்டு அறியப்பட்டது 2018இல் பணிநிலை அறிக்கையாகவும் 2024இல் முழுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. அதற்குள் அவர்களில் லிச்செயோவுக்குப் போனவர்களும் தொழிற்பள்ளிக்குப் போனவர்களும் படிப்பை முடித்திருந்தார்கள். இத்தாலியில் பிறந்தவர்கள் பதினெட்டைத் தாண்டி, 1992ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த குடியுரிமை விண்ணப்பத்தை நகராட்சி அலுவலகத்தில் கொடுத்திருக்கக்கூடிய வயதை எட்டியிருந்தார்கள்.